மாமியாரின் பூஜைப் பெட்டி முலுண்டுக்கு வந்திருக்கிறது. எப்படிப் பேணுவது?

முலுண்டுவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்துப் பக்கம் தனியாக இருந்த என் மாமியார், முழங்கால் முடியாமல் போனதால் வீட்டைக் காலி செய்துவிட்டு நாத்தனாரோடு பெங்களூரு போய்விட்டார். போகும்போது பூஜைப் பெட்டியை எங்களிடம் கொடுத்து, "இனிமே இது உங்க பொறுப்பு. தினம் ஒரு உத்தரணி தீர்த்தம், ஒரு பூ போதும். ஆனா நிறுத்திடாதீங்கோ" என்றார். உத்தரணி என்பது தீர்த்தம் விடும் சின்னக் கரண்டி.

பெட்டிக்குள் இருப்பவை: ஒரே செப்புச் சம்புடத்தில் பஞ்சாயதன மூர்த்திகள் ஐந்தும், அதாவது ஐந்து தெய்வங்களாகப் பூஜிக்கும் ஐந்து கற்கள். தவழும் வெண்ணெய்க் கிருஷ்ணன், பஞ்சலோகம், நாலு அங்குலம் இருக்கும், என் கணவரின் கொள்ளுத்தாத்தா பூஜை செய்தது. வெள்ளிப் பஞ்சபாத்திரம், உத்தரணி, மணி, சங்கு. கூடவே தனியாகச் சுற்றிக் கொடுத்த தஞ்சாவூர்ப் படம் ஒன்று.

நாங்கள் இருப்பது மும்பை முலுண்டில் ஒரு படுக்கையறை வீடு. சுவாமிக்கு இடம், சமையலறை ஓரமாகப் புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரி. காலை 7.40 லோக்கலை இரண்டு பேருமே பிடித்தாக வேண்டும். கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

கிருஷ்ணன்தான் எனக்குப் பெரிய கவலை. வயிற்றுக்கு அடியிலும் பீடத்தின் விளிம்பிலும் வெளிர்பச்சையாகப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தால் போய்விடுகிறது, நாலு நாளில் திரும்ப வருகிறது. மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பார். மூக்கும் கண்ணும் மழுங்கி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டில் கடைப் பொடி போடச் சொல்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை.

கணவர் இல்லாத நாட்களில் நான் என்ன செய்யலாம்? பழைய வீட்டிலிருந்து வந்த கண்ணாடி விரிந்த சுவாமி படங்களை என்ன செய்வது? "பூட்டி வை, விசேஷத்துக்கு மட்டும் எடு" என்கிறார் மைத்துனர். மனசு ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அந்தேரி குமார் எழுதியது:

எலுமிச்சம்பழ மூடியில் கல்லுப்பு தொட்டு ஒரு நிமிஷம் தேய்ங்க, பச்சை எல்லாம் போய்ப் பளபளன்னு ஆயிடும். எங்க வீட்டுக் குத்துவிளக்குக்கு இதான்.

---

செம்பூர் மாமி எழுதியது:

அம்மா, முதல் காரியம்: எலுமிச்சையும் உப்பும் அந்தக் கிருஷ்ணன் பக்கமே போகக் கூடாது. குமார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். தாம்பாளத்துக்கு அது சரி, உடனே நன்றாக அலம்பித் துடைத்துவிட்டால். விக்ரகத்துக்கு ஆகாது.

நான் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இங்கே செம்பூரில் ஒரு கோயிலில் பாத்திரம் விளக்கும் கைங்கர்யம் செய்கிற மாமிகளில் ஒருத்தி. இரண்டு விதத்திலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பஞ்சலோகம் என்றாலும் பெரும்பங்கு செம்புதான். உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கிவிடும். ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். பூக்கிறபோதே கொஞ்சம் அமிலமும் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னும், அதிலிருந்து மறுபடியும் அதே குளோரைடு. நீங்கள் துடைத்தும் நாலு நாளில் திரும்ப வருவது இதனால்தான் இருக்கும். இதற்குத் தேவை உப்பும் ஈரமும், மும்பையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் ஒரு ரசாயனக் கூடம் ஆரம்பித்தார்கள், இப்படிப் பச்சை பிடித்த செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றுவதுதான் அதன் முதல் வேலை. அவ்வளவு பழைய நோய் இது.

எல்லாப் பச்சையும் நோயில்லை. கெட்டியாக, கரும்பச்சையாக, நகம் பட்டாலும் உதிராமல் இருப்பது சாதுவான களிம்பு. அது உலோகத்துக்குப் போர்வை மாதிரி, அதைத் தொடவே வேண்டாம். எது என்று பார்க்க ஒரு வழி: கிருஷ்ணனை நன்றாக உலர்த்தி, வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒரு ராத்திரி எழுந்தருளப் பண்ணுங்கள். காலையில் காகிதத்தில் பச்சைத் தூள் உதிர்ந்திருந்தால், வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். கோட்டைப் பக்கம் இருக்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரஹாலயம் என்ற அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பராமரிப்பு மையம் இருக்கிறது. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். பாலிஷ் போடுகிற கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். "மூக்கை எடுத்துக் கொடுக்கிறேன், கண்ணைத் திறந்து கொடுக்கிறேன்" என்று உளியை எடுத்துவிடுவார்கள். அந்த மூக்கு மழுங்கினது நாலு தலைமுறைக் கை பட்டு. உங்கள் மாமியாரை நான் ஒரு சொல் குறையாகச் சொல்ல மாட்டேன். அவர் கைக்கு எட்டியது புளி, அதை வைத்து ஒரு வாரம்கூட விடாமல் செய்திருக்கிறார். நீங்கள் இனிமேல் தேய்க்காமல் இருந்தால் போதும், மிச்சமிருக்கிற முகம் உங்கள் பேரன் காலத்துக்கும் இருக்கும்.

சரி, தினமும் என்ன செய்வது. பத்து நிமிஷ வேலைதான், ஆனால் அவசரமில்லாத பத்து நிமிஷம். மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். தாம்பாளத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போடுங்கள், கை நழுவினாலும் அடிபடாது. எடுக்கும்போது ஒரு கை பீடத்துக்கு அடியில், ஒரு கை முதுகில். வெண்ணெய் வைத்திருக்கிற கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. சின்ன விக்ரகங்களில் முதலில் விட்டுப்போவது அந்த மாதிரி நீட்டிய கைதான். உத்தரணியால் தீர்த்தம் விட்டு, பழைய வேஷ்டித் துணியால் ஒத்தி எடுங்கள். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தியாக இருக்க வேண்டும், கஞ்சி போட்டதாக இருக்கக் கூடாது. தவழும் கிருஷ்ணனுக்கு ஈரம் தங்குகிற இடம் வயிற்றுக்கு அடியிலும், மடக்கின முழங்காலும் பீடமும் சேருகிற இடுக்கிலும். நீங்கள் பச்சை பார்த்ததும் அங்கேதானே. துணியின் முனையைத் திரி மாதிரி முறுக்கி அந்த இடுக்கில் வைத்து, ஒரு நாமம் சொல்கிற நேரம் அப்படியே பிடித்திருங்கள். உள்ளே இருக்கிற ஈரம் முறுக்கில் ஏறி வரும். தேய்ப்பதும் இல்லை, அழுத்துவதும் இல்லை. பிறகு ஏற்றின விளக்குக்குக் கொஞ்சம் தள்ளி ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு அலமாரிக்கு. பச்சைப் பொடி விஷயம் தெரிகிறவரை கிருஷ்ணனுக்கு அந்த ஒரு உத்தரணியும் வேண்டாம், மானசீகமாகச் செய்து பூ மட்டும் சாற்றுங்கள். அதுவும் ஈரமில்லாத பூவாக, ராத்திரிக்கு முன் எடுத்துவிடுங்கள்.

தண்ணீர்: நம் மாநகராட்சித் தண்ணீர் பாத்ஸா, வைதரணா, தான்ஸா ஏரிகளிலிருந்து வருவது, உப்பு குறைவு. அதில் பெரும்பங்கைச் சுத்திகரிப்பதே உங்கள் பக்கத்து பாண்டுப்பில்தான். கோடையில் சொஸைட்டிக்கு டேங்கர் வரும்போதுதான் கவனம், அது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர், உப்பு இருக்கலாம். அப்போது ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பால், தயிர், தேன் எல்லாம் கோகுலாஷ்டமிக்கு மட்டும், அதுவும் கிருஷ்ணனுக்குச் சரியான பிறகு. இடுக்கில் தங்கின பாலும் புளித்து அமிலமாகும்.

பஞ்சாயதனத்துக்கு வருகிறேன். அந்தச் சம்புடத்தில் இருப்பது என்ன என்று நினைத்துப் பாருங்கள். சிவனான பாணலிங்கம் நர்மதையிலிருந்து, பெருமாளான சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகியிலிருந்து, அம்பாளான ஸ்வர்ணமுகிக் கல் ஆந்திரத்தின் ஸ்வர்ணமுகி ஆற்றிலிருந்து, பிள்ளையாரான சிவப்புச் சோணபத்திரக் கல் சோணை நதியிலிருந்து, சூரியனான ஸ்படிகம் நம் தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்திலிருந்து. ரயில் இல்லாத காலத்தில் யாரோ நடந்து, யாரிடமோ வாங்கி, மடியில் கட்டி எடுத்துவந்திருப்பார்கள். ஐந்தையும் ஒன்றோடொன்று உருளும்படி சம்புடத்தில் போட்டு வைக்காதீர்கள். ஸ்படிகம் சாளக்கிராமத்தைவிட ரொம்பக் கடினம், உரசி உரசிக் கீறிவிடும். சாளக்கிராமம் என்பது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்பு கடலில் இருந்த ஜீவனின் சுருள் பதிந்த கல். அந்தச் சக்கர ரேகை போனால் போனதுதான். ஆளுக்கொரு சின்னப் பருத்திப் பை தைத்துவிடுங்கள். அதற்கும் எலுமிச்சை, தயிர் வேண்டாம், தீர்த்தமும் துளசியும் போதும். ஸ்படிகத்துக்கு வெந்நீர் விடாதீர்கள், திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம். சங்குக்கும் வெறும் தண்ணீர்தான். சங்கு சுண்ணாம்பு, புளிப்பு பட்டால் கரையும்.

வெள்ளிக்கு உலர்ந்த விபூதி, மெல்லிய துணியில் தொட்டு. செய்தித்தாளில் சுற்றுவது, ரப்பர் பேண்ட் போடுவது, கம்பளித் துணி எல்லாம் வெள்ளியைக் கறுக்கடிக்கும். தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. உள்ளே இருப்பது சுண்ணாம்பு மாவும் பிசினும், ஊறினால் தங்க ரேக்கோடு தூக்கிக்கொள்ளும். குங்குமத்தைச் சட்டக் கண்ணாடி மேல் வையுங்கள். சமையலறையோடு ஒட்டின சுவரில் மாட்டாதீர்கள். புது பிளைவுட் அலமாரியில் பசை வாசனை போகிறவரை கதவைத் திறந்தே வையுங்கள், அந்த ஆவியும் உலோகத்துக்கு ஆகாது. ஆடி, ஆவணியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே இருக்கட்டும்.

கணவர் ஊரில் இல்லாத நாள்: சாளக்கிராமத்தைப் பெண்கள் தொடலாமா என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதை உங்கள் வீட்டுப் புரோகிதரான வாத்யாரிடமும் மாமியாரிடமும் கேளுங்கள், நான் சொல்வது முறையில்லை. ஆனால் விளக்கேற்றி, பூவை மாற்றி, பழம் நைவேத்தியம் பண்ண யாரும் தடை சொல்ல மாட்டார்கள். உங்கள் மைத்துனர் சொல்கிற மாதிரிப் பூட்டி மட்டும் வைக்காதீர்கள். ஜூலை மாதம் மூடின பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. தினம் கையில் எடுக்கிறவளுக்குத்தான் நேற்று இல்லாத ஒரு பச்சைப் புள்ளி இன்று கண்ணில் படும். உங்களுக்குப் பட்டதே.

---

தாராவி நெல்லையான் எழுதியது:

அக்கா, எங்க வீட்டுல விக்ரகம் கிடையாது. சொடலமாட சாமி பெட்டிதான். வல்லயம்ங்கிற ஈட்டி, பிரம்பு, கச்சை, சலங்கை எல்லாம் உள்ள இருக்கு. எங்க ஐயா தாராவிக்கு வந்தப்போ கூடவே கொண்டாந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது ரயில்ல ஐயா அதை மேல் பெர்த்துல வச்சு, தான் கீழ உக்காந்துட்டே வருவாரு. கால் நீட்டிப் படுக்க மாட்டாரு. இப்ப அண்ணன் அப்படித்தான் கொண்டு போறான்.

நாங்க தினமும் திறக்க மாட்டோம், அது எங்க வழக்கம் இல்ல. பெட்டி பரண்ல இருக்கும், முன்னாடி வெள்ளி செவ்வாய் விளக்கு. ஆனா மாமி சொன்ன ஈரம் எங்களுக்கும் பெரிய பிரச்சனைதான். ஒரு மழைக்காலத்துல சலங்கை வார்ல பூஞ்சை புடிச்சு, வல்லயத்துல துரு ஏறிடுச்சு. அப்புறம் ஊர்ல சாமியாடுற கோமரத்தாடி கிட்ட உத்தரவு கேட்டோம். மழைக்கு முந்தி ஒரு நாள், மழை முடிஞ்சு ஒரு நாள் திறக்கலாம்னு சொன்னாரு. அண்ணன் குளிச்சு விரதம் இருந்து திறப்பான். வல்லயத்தை உலர்ந்த துணியால துடைச்சு, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு உள்ளங்கையில தேய்ச்சு அதை இரும்புல தடவுவான், வடியுற அளவு இல்ல. சலங்கை வாரை நிழல்ல காயப் போடுவோம், வெயில்ல போட்டா தோல் வெடிச்சுரும். கச்சையைத் துவைக்கிறதே இல்ல, உதறிக் காத்தாட விடுறதுதான். பொம்பளைங்க அந்த நேரம் பக்கத்துல நின்னு விளக்கு பாத்துக்குவாங்க.

உங்களுக்கும் வாத்தியார் கிட்ட வழக்கத்தைக் கேட்டு ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டா மனசு நிம்மதியா இருக்கும் அக்கா.

---

தாணே வழக்கறிஞர் எழுதியது:

மேடம், யாரும் சொல்லாத ஒரு விஷயம். கொள்ளுத்தாத்தா காலத்து விக்ரகம் என்கிறீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத பழமை உள்ள சிற்பம் போன்றவை தொல்பொருள் ஆகும். அறிவிக்கப்பட்ட வகைகளைச் சேர்ந்ததாக இருந்தால், வைத்திருப்பவர் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். உலோகச் சிற்பம் அந்த வகைகளில் உண்டு. வீட்டில் வைத்துப் பூஜை செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனால் தனிநபர் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. நாளைக்குப் பிள்ளைகள் அமெரிக்கா போகும்போது பெட்டியில் வைத்து அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போதே நாலு பக்கமும் அடியிலும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து. உயரம், எடை, பீடத்தில் எழுத்தோ குறியோ இருந்தால் அது, எந்த ஊர், யார் யார் பூஜை செய்தார்கள் என்று மாமியாரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். அவர் ஞாபகத்தோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. என் கட்சிக்காரர்கள் சிலர் பெரியவர் போன பிறகு வந்து நிற்கிறார்கள், அப்போது சொல்வதற்கு ஆளில்லை.

விமானத்தில் எப்போதாவது எடுத்துப்போனால் கைப்பையில் வையுங்கள். சோதனையில் முன்னாடியே சொல்லிவிட்டு நீங்களே உங்கள் கையால் பிரித்துக் காட்டுங்கள்.

---

சயான் ஸ்டெல்லா எழுதியது:

அக்கா, நான் கத்தோலிக்கக் கிறிஸ்தவள். பேசலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் கோயிலில் பலிபீடத் துணிகளைத் துவைக்கிற குழுவில் இருக்கிறேன். பூசையில் நற்கருணைக் கிண்ணம் துடைத்த துணியை நேராக சோப்புத் தண்ணீரில் போட மாட்டோம். முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றுவோம், யார் காலும் படாத இடமாகப் பார்த்து. அதன் பிறகுதான் துவைப்பது.

மாமி ஒத்தி எடுக்கும் துணி என்றதும் அதுதான் ஞாபகம் வந்தது. அந்தத் துணியை மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போடாமல் தனியாகக் கையால் அலசுங்கள், வாசனை சோப்பும் கஞ்சியும் இல்லாமல். மாடி வீட்டில் மண் கிடையாதே என்றால், ஒரு பெரிய தொட்டிச் செடியை அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

---

செம்பூர் மாமி எழுதியது:

ஸ்டெல்லா, யோசிக்கவே வேண்டாம் அம்மா. நாங்களும் அபிஷேகத் தீர்த்தத்தைக் கால் படாத இடத்தில், செடிக்குத்தான் விடுவோம். ஒரே ஒரு சேர்க்கை: பால், தேன் கலந்த தீர்த்தத்தைத் துளசிக்கு விட வேண்டாம், எறும்பு வந்து வேர் கெடும்.

விரிந்த படங்கள் விஷயம் விட்டுப்போயிற்று. அரச மரத்தடியில், நடைபாதையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். மழையில் நனைந்து, நாய் படுத்து, பார்க்கவே மனசு ஆறாது. சட்டத்தையும் கண்ணாடியையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். படம் நன்றாக இருந்தால் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், மாட்டுங்காவில் சட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நைந்துபோன தாளை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துத் தொட்டி மண்ணில் சேர்த்துவிடலாம். மண் பொம்மைகள் உடைந்திருந்தால் கணபதி சமயத்தில் மாநகராட்சி வைக்கிற செயற்கைக் குளத்தில் விடலாம். காய்ந்த மாலைக்கு அங்கேயே நிர்மால்ய கலசம் இருக்கும்.

---

முலுண்டுவாசி எழுதியது:

எல்லோருக்கும் நமஸ்காரம். அலுவலகத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் படித்துக்கொண்டே வந்தேன். வந்ததும் கிருஷ்ணனை வெள்ளைக் காகிதத்தில் வைத்தோம். காலையில் வயிற்றுக்கு நேர் கீழே, கடுகளவு பச்சைத் தூள். வாஸ்து சங்கிரஹாலயத்தில் கேட்கப் போகிறேன். மாமியாரிடம் போனில் பேசினேன். சாளக்கிராமத்துக்கு அவர் கணவர் இல்லாதபோது அவரே தீர்த்தம் விட்டதாகவும், நானும் விடலாம் என்றும் சொன்னார். வழக்கறிஞர் ஐயா சொன்ன தாளுக்காக வரும் விடுமுறையில் பெங்களூரு போகிறோம்.

மாமி, இரண்டு சந்தேகம். பருத்திப் பைக்குப் புதுத் துணி போடலாமா? மணியின் உள்ளே நாக்கு சேருகிற வளையத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதை எப்படி எடுப்பது?

---

செம்பூர் மாமி எழுதியது:

புதுத் துணி வேண்டாம், அதில் பசை இருக்கும். புதுசுதான் இருக்கிறதென்றால் நாலைந்து தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்துத் தையுங்கள். சாயத் துணியும் வேண்டாம், வெள்ளையே போதும்.

மணிக்கு முதலில் உலர்ந்த அரிசி மாவைப் பிசுக்கின் மேல் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். மென்மையான துணியால் தட்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் பூந்திக்கொட்டை ஊறின தண்ணீர் தொட்ட பஞ்சு. பிறகு நல்ல தண்ணீர், உடனே துடைத்து உலர்த்த வேண்டும். நாக்கு கட்டியிருக்கிற கம்பி இற்றுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இற்றிருந்தால் செப்புக் கம்பியாகவே மாற்றுங்கள், இரும்பு வேண்டாம். வாஸ்து சங்கிரஹாலயத்துக்குப் போகும்போது விக்ரகத்தை எடுத்துக்கொண்டு அலையாதீர்கள், முதலில் போட்டோவும் அந்தக் காகிதமும் போதும்.